மிர்-375 இன்சுலினுக்குப் பிரேக் என்றால், அதை எடுத்துவிட்ட எலிக்கு ஏன் சர்க்கரை ஏறுகிறது?

அரைகுறை வாசகன் எழுதியது:

எனக்கு டைப் 2 வந்து ஆறு வருஷம் ஆகிறது. உயிரியலைப் பள்ளியோடு கைகழுவியவன், பிழைப்பு கம்ப்யூட்டரோடு. 2024-இல் மைக்ரோ ஆர்என்ஏ கண்டுபிடிப்புக்காக விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்கனுக்கும் நோபல் கொடுத்தார்கள் அல்லவா, அப்போது இதற்கும் சர்க்கரை நோய்க்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கோ ஒரு வரி கண்ணில் பட்டது. அந்த ஒரு வரியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனதில் இப்போது நடுக்கடலில் நிற்கிறேன்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் தலையில் குட்டுங்கள். டிஎன்ஏவைப் பார்த்து எம்ஆர்என்ஏ, எம்ஆர்என்ஏவைப் பார்த்துப் புரதம். மைக்ரோ ஆர்என்ஏ என்பது 22 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. அதிலிருந்து எந்தப் புரதமும் வராது, ஆனால் வேறு எம்ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு அதைப் புரதமாக விடாமல் தடுக்கும். கணையத்தின் பீட்டா செல்லில் மிர்-375 என்று ஒன்று எக்கச்சக்கமாக இருக்கிறது. 2004-இல் அதைக் கண்டுபிடித்த மார்கஸ் ஸ்டோஃபெல் குழுவினர், அதை அதிகமாக்கினால் இன்சுலின் சுரப்பு குறைகிறது, அடக்கினால் சுரப்பு கூடுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். சரி, பிரேக். பிரேக்கைக் கழற்றினால் இன்சுலின் கொட்ட வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும். ஆனால் 2009-இல் அதே மார்கஸ் ஸ்டோஃபெல் குழு அந்த மரபணுவையே நீக்கிய எலிகளை உருவாக்கிப் பார்த்தால், எலிகளுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது! இரண்டு கட்டுரையையும் மாற்றி மாற்றி மூன்று தடவை படித்துவிட்டேன். ஒன்று எனக்குப் புரியவில்லை, இல்லை அவர்களுக்கே புரியவில்லை.

இன்னொன்று. என் நம்பருக்கு ஒரு விளம்பரம் வந்தது. ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ பார்த்து சர்க்கரை நோயை வருஷக்கணக்கில் முன்பே சொல்லிவிடுவார்களாம். என் தம்பிக்கு இன்னும் நோய் வரவில்லை, அவனுக்கு எடுத்துப் பார்க்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

தீவுபொறுக்கி எழுதியது:

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், வேலையே அதுதான். கணையத்தில் பெரும்பகுதி செரிமான நொதி செய்யும் திசு. அதற்கு நடுவே இன்சுலின் செல்கள் சின்னச் சின்னக் கூட்டமாக, தீவு தீவாகக் கிடக்கும். லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்பது அதைத்தான். எலிக் கணையத்தை நொதி விட்டுக் கரைத்து, தட்டில் ஊற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே பிப்பெட்டால் ஒவ்வொரு தீவாக உறிஞ்சி எடுப்பதில் என் பாதி வாரம் போகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. எது தீவு, எது குப்பை என்று சந்தேகம் வந்தால் டைத்திசோன் என்ற சாயத்தை ஒரு சொட்டு விடுவோம். தீவுகள் மட்டும் சிவந்து நிற்கும், சுற்றியுள்ள திசு அப்படியே கிடக்கும். இன்சுலினைப் பீட்டா செல் துத்தநாகத்தோடு சேர்த்து மணிமணியாகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறது, சாயம் பிடிப்பது அந்தத் துத்தநாகத்தை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் பொட்டலம், தயாராக. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால் உங்கள் கேள்விக்கு விடை இந்தப் பொட்டலத்துக்கும் தீவுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சாப்பிட்டதும் குளுக்கோஸ் பீட்டா செல்லுக்குள் போகிறது. செல் அதை எரித்து ஏடிபி என்ற எரிசக்தி மூலக்கூறை ஆக்குகிறது. ஏடிபி கூடினால் பொட்டாசியம் வெளியேறும் ஒரு வாசல் மூடுகிறது, அதனால் செல்லின் மின்னழுத்தம் மாறி கால்சியம் வாசல் திறக்கிறது, கால்சியம் உள்ளே பாய்ந்ததும் பொட்டலங்கள் செல்லின் ஓரத்துக்குப் போய் சவ்வோடு இணைந்து வெடித்து இன்சுலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. 2004 கட்டுரையில் அவர்கள் பார்த்தது இதுதான்: மிர்-375-ஐ அதிகமாக்கியபோது குளுக்கோஸ் எரிவதில் குறையில்லை, கால்சியம் வருவதிலும் குறையில்லை, கடைசியில் பொட்டலம் வெளியே போகும் இடத்தில் மட்டும் தடை. மயோட்ரோஃபின் என்ற புரதத்தின் எம்ஆர்என்ஏவை மிர்-375 அடக்குகிறது, தடைக்கு அது ஒரு காரணம் என்று கண்டார்கள். அந்த வேலையில் பெரும்பகுதி மின்6 என்று தட்டில் வளரும் எலி பீட்டா செல் வகையில் செய்தது. அதாவது, ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் செல், அதில் சில நாள் மட்டும் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பார்ப்பது. கேள்வி, "இந்தச் செல் இப்போது எவ்வளவு சுரக்கிறது?"

2009 எலி அப்படி இல்லை. அதற்குக் கருவிலிருந்தே மிர்-375 கிடையாது. அந்த எலியின் கணையத்தை வெட்டிப் பார்த்தால் பீட்டா செல்களே குறைவு. பக்கத்தில் குளுக்ககான் சுரக்கும் ஆல்ஃபா செல்கள் அதிகம். குளுக்ககான் இன்சுலினுக்கு நேர் எதிர் வேலை செய்வது, கல்லீரலைப் பார்த்து "குளுக்கோஸை வெளியே விடு" என்று சொல்வது. கல்லீரலும் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆக ஒவ்வொரு பீட்டா செல்லும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கட்டுமே, ஆள்பலம் குறைந்துபோன இடத்தில் அந்தச் சுறுசுறுப்பு எந்த மூலைக்கு? அவர்கள் இன்னொரு படி போனார்கள். ஓபி/ஓபி என்று ஒரு குண்டு எலி உண்டு, பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் இல்லாமல் தின்றுகொண்டே இருக்கும். அது இன்சுலினுக்கு உடம்பு மசியாதபோது பீட்டா செல்களைப் பெருக்கிக்கொண்டு சமாளிக்கும். அதில் மிர்-375-ஐ நீக்கினால் பெருக்க முடியவில்லை, கடுமையான சர்க்கரை நோயில் போய் முடிந்தது.

எனவே இரண்டு கட்டுரைக்கும் சண்டை இல்லை. ஒரே துண்டு, வளர்ந்த செல்லில் சுரப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது, வளரும்போதும் பெருகும்போதும் அந்தச் செல்லே போதுமான எண்ணிக்கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு கூட்டம் மரபணுக்களை அது அடக்கி வைக்கிறது.

ஏன் ஒரே துண்டுக்கு இத்தனை வேலை? மைக்ரோ ஆர்என்ஏ தன் முழு நீளத்தாலும் ஒட்டுவதில்லை. ஒரு முனையிலிருந்து 2 முதல் 8 வரையிலான எழுத்துகள்தான் முக்கியம், அதை விதை என்போம். ஏழெழுத்து பொருந்தினால் போதும் என்றால் எத்தனை எம்ஆர்என்ஏவில் பொருந்தும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், கம்ப்யூட்டர் ஆள்தானே. நூற்றுக்கணக்கில். ஆனால் ஒவ்வொன்றையும் அது கொஞ்சம்தான் குறைக்கும், பெரும்பாலான புரதங்கள் பாதியாகக்கூடக் குறைவதில்லை. நிறைய இடத்தில் கொஞ்சம் கொஞ்சம்.

நாளை மீதி. தட்டில் தீவுகள் காத்திருக்கின்றன, ரொம்ப நேரம் வெளியே வைத்தால் சுணங்கிவிடும்.

—

சந்தேகப் பிராணி எழுதியது:

மேலே உள்ளது நல்ல விளக்கம். ஆனால் "பிரேக்" என்ற சொல்லையே தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்பது என் கட்சி. அந்தச் சொல்தான் கேள்வி கேட்டவரைக் கவிழ்த்தது. மைக்ரோ ஆர்என்ஏ எம்ஆர்என்ஏவை அடக்குகிறது என்பது உண்மை. அடக்கப்படுவதே இன்னொரு அடக்குமுறையாளனாக இருந்தால்?

டைசர் எலியைப் பாருங்கள். மைக்ரோ ஆர்என்ஏ முதலில் நீளமாக, கொண்டை ஊசி போல மடங்கிய ஆர்என்ஏவாகப் பிறக்கிறது. செல்லின் உட்கருவில் ட்ரோஷா என்ற நொதி ஒரு வெட்டு, வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி இன்னொரு வெட்டு, அப்புறம்தான் 22 எழுத்துத் துண்டு ஆர்கோனாட் என்ற புரதத்துக்குள் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்குகிறது. வளர்ந்த எலியின் பீட்டா செல்லில் மட்டும் டைசரை நீக்கினால் நாளடைவில் கிட்டத்தட்ட எல்லா மைக்ரோ ஆர்என்ஏவும் காலி. எல்லா பிரேக்கும் காலி என்றால் இன்சுலின் பொங்கி வழிய வேண்டுமே? 2011-இல் செய்து பார்த்தார்கள். செல் உயிரோடு இருக்கிறது, பீட்டா செல்லின் மற்ற அடையாளங்கள் இருக்கின்றன, இன்சுலின் மட்டும் வற்றிவிட்டது. எலிக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் மரபணுவை வாயடைக்கும் சில புரதங்களை மைக்ரோ ஆர்என்ஏக்கள்தான் தலைதூக்க விடாமல் வைத்திருந்தன. அவை போனதும் வாயடைப்புப் புரதங்கள் எழுந்துவிட்டன. எதிரிக்கு எதிரி நண்பன் கதை.

எனக்கு இதைவிடப் பிடித்தது மிர்-29 விவகாரம். ஓடும்போது தசையிலிருந்து லாக்டேட், பைருவேட் எல்லாம் ரத்தத்தில் கலக்கின்றன. மற்ற செல்களில் இவற்றை உள்ளே விட எம்சிடி1 என்று ஒரு வாசல் உண்டு. பீட்டா செல்லில் அந்த வாசல் இருக்கவே கூடாது. ஏன்? இருந்தால் பைருவேட் உள்ளே போய் எரியும், ஏடிபி கூடும், தீவுபொறுக்கி சொன்ன அதே வரிசையில் கால்சியம், பொட்டலம், இன்சுலின். நீங்கள் ஓட்டத்தில் இருக்கிறீர்கள், ஒரு வாய் சாப்பிடவில்லை, இன்சுலின் கொட்டுகிறது, சர்க்கரை தடாலென்று விழுந்து மயக்கம். இது கற்பனை இல்லை. எம்சிடி1 மரபணுவின் தொடக்கப் பகுதியில் பிறழ்வு உள்ள சிலருக்கு, கடுமையாக உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை இறங்கும் அரிய நோய் இருக்கிறது. சாதாரணமாக அந்த வாசலைப் பீட்டா செல்லில் மூடி வைப்பவர்களில் மிர்-29-உம் ஒருவர். "இங்கே இது கூடாது" என்று சொல்லும் வேலை. இதைப் பிரேக் என்பீர்களா? நான் காவல்காரன் என்பேன். நாளைக்கு அதிலும் ஓட்டை கண்டுபிடிப்பார்கள், பரவாயில்லை.

—

இரண்டாம் வருட ஆராய்ச்சி எழுதியது:

பேச்செல்லாம் பீட்டா செல்லைச் சுற்றியே போகிறது. கேட்டவருக்கு டைப் 2. அங்கே சுரப்பு பாதிக் கதைதான், சுரந்த இன்சுலின் சொல்வதைக் கல்லீரலும் தசையும் கொழுப்பும் காதில் போட்டுக்கொள்ளாதது மீதிக் கதை. அந்தப் பக்கத்திலும் இந்தத் துண்டுகள் கைவரிசை காட்டுகின்றன.

லெட்-7-ஐ எடுத்துக்கொள்வோம். ருவ்கன் குழு ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கண்டது, 2000-இல் பார்த்தால் மனிதன் வரை அதே துண்டு. அதற்கு முன் 1993-இல் ஆம்ப்ரோஸ் குழு லின்-4 என்ற முதல் மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டபோது ஏதோ புழுவின் விசித்திரம் என்றுதான் பலரும் விட்டுவிட்டார்கள். லெட்-7, செல்லின் மேல் இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் எம்ஆர்என்ஏவையும் அதற்கு அடுத்த கட்டத்தில் செய்தியைக் கடத்தும் ஐஆர்எஸ்2 போன்றவற்றையும் குறிவைக்கிறது. லின்28 என்ற புரதம் லெட்-7 முதிர்வதைத் தடுக்கும். 2011-இல் லின்28 அதிகமாக உள்ள எலிகளுக்குக் கொழுப்பு நிறைந்த தீனி கொடுத்தும் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கவில்லை. திருப்பி, லெட்-7-ஐ அதிகமாக்கினால் குளுக்கோஸைச் சமாளிக்க முடியாமல் திணறுகின்றன.

அதே 2011-இல் ஸ்டோஃபெல் குழுவே மிர்-103, மிர்-107 பற்றி எழுதியது. குண்டு எலிகளின் கல்லீரலில் இவை கூடியிருக்கின்றன, அடக்கினால் இன்சுலினுக்கு உடம்பு நன்றாக மசிகிறது. கொழுப்பு செல்லில் கேவியோலின்-1 என்ற புரதம் இன்சுலின் ஏற்பியை நிலையாகப் பிடித்துவைக்கிறது, இவை அந்தப் புரதத்தைக் குறைத்துவிடுகின்றன.

இதைவிட வேடிக்கை, துண்டுகள் செல்லை விட்டு செல் பயணம் போவது. கொழுப்புத் திசுவில் புகுந்த மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்புச் செல்கள் எக்ஸோசோம் என்ற நுண்குமிழிகளில் மைக்ரோ ஆர்என்ஏவைப் போட்டு வெளியே விடுகின்றன. 2017-இல் குண்டு எலியின் அந்தக் குமிழிகளை எடுத்து ஒல்லி எலிக்குச் செலுத்தினார்கள். ஒல்லி எலி ஒல்லியாகவே இருந்தது, ஆனால் இன்சுலினுக்கு மசிவது குறைந்துவிட்டது. ஒல்லி எலியின் குமிழியைக் குண்டு எலிக்குக் கொடுத்தால் நிலைமை தேறியது. குண்டு எலியின் குமிழிக்குள் இருந்ததில் மிர்-155 ஒரு முக்கிய ஆள். என் வழிகாட்டி இந்தக் கட்டுரையைக் கொடுத்து, "படித்துவிட்டு இரண்டு நாள் நம்பாமல் இரு, அப்புறம் பேசலாம்" என்றார். இன்னும் பேசவில்லை.

—

சிவப்புக் குழாய் எழுதியது:

விளம்பரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ அளக்கும் வேலையில் பல வருஷம் குப்பை கொட்டியவன்.

ரத்தத்தில் இவை மிதக்கின்றன என்பது நிஜம். சாதாரண ஆர்என்ஏ ரத்தத்தில் நிமிஷக்கணக்கில் சிதைந்துவிடும், இவை புரதத்தோடோ குமிழியிலோ ஒளிந்திருப்பதால் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் குழாயைக் கையில் எடுத்தவனுக்குத்தான் தெரியும் பாடு. ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் மேலே நிற்கும் பிளாஸ்மா வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். ஊசி போடும்போது நரம்பு கிடைக்காமல் நோண்டினாலோ, குழாயைப் போட்டுக் குலுக்கினாலோ சிவப்பணு உடைந்து பிளாஸ்மா லேசாக ரோஸ் நிறமாகிவிடும். சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 எல்லாம் மலை மலையாக இருக்கின்றன. நீங்கள் நோயை அளக்கவில்லை, ஊசி போட்டவர் அன்று எவ்வளவு சிரமப்பட்டார் என்பதை அளக்கிறீர்கள். கண்ணுக்கு நிறமே தெரியாத அளவு உடைந்திருந்தாலும் எண் மாறும். அதற்கென்று ஒரு குழாய் விடாமல் ஒளி உறிஞ்சலை அளந்து, தேறாததைத் தூக்கிப் போடுவோம். ஒரு தடவை ஒரே நாளில் வந்த குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மாதிரி கொடுத்தவர்களிடம் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று, வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் போட்ட குழாயில் எடுத்தால், ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் படுத்துவிடும், இடிடிஏ போட்ட குழாய்தான் எடுக்க வேண்டும். எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதில் எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவுகோலும் கிடையாது.

மிர்-126 என்று ஒன்று. 2010-இல் டைப் 2 உள்ளவர்களின் பிளாஸ்மாவில் அது குறைந்திருக்கிறது என்று வந்ததும் எங்கள் ஆய்வகமே அதன் பின்னால் ஓடியது. அப்புறம் பார்த்தால் ரத்தத்தில் இருக்கும் மிர்-126-இல் கணிசமானது பிளேட்லெட்டிலிருந்து வருகிறது, ஆஸ்பிரின் சாப்பிட்டாலே குறைகிறது. சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேர் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள்! நோயைக் காட்டுகிறதா, மாத்திரையைக் காட்டுகிறதா?

மிர்-375-ம் அப்படித்தான். எலியில் பீட்டா செல்களை ரசாயனத்தால் கொன்றால் ரத்தத்தில் அது ஏறுவது உண்மை. ஆனால் சாதாரண நாளில் ரத்தத்தில் சுற்றும் மிர்-375-இல் பீட்டா செல்லிலிருந்து வருவது சின்னப் பங்குதான். குடலிலும் வேறு உறுப்புகளிலும் அது இருக்கிறது.

தம்பிக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம் என்பது என் கருத்து. ஆராய்ச்சியில் நூறு பேர், இருநூறு பேர் என்று கூட்டத்தோடு கூட்டம் ஒப்பிடும்போது தெரியும் வித்தியாசம் வேறு, தனி ஒருவனைப் பார்த்து "உனக்கு வரும்" என்று சொல்வது வேறு. விற்பவர்கள் முன்னதைக் காட்டிப் பின்னதை விற்கிறார்கள்.

—

வெள்ளைக்கோட்டு எழுதியது:

மருத்துவர் என்ற முறையில் குறுக்கே வருகிறேன். தம்பிக்கு வெறும் வயிற்று குளுக்கோஸும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் எடுங்கள். ஹெச்பிஏ1சி 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் நோய். அறிகுறி எதுவும் இல்லாமல் இப்படி வந்தால் இன்னொரு பரிசோதனையில் உறுதி செய்த பிறகுதான் பெயர் சூட்டுவோம். எல்லைக்கோட்டில் இருப்பவர் எடையும் நடையும் பார்த்துக்கொண்டால் நோய் வருவது தள்ளிப்போகும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. கூடப் பிறந்தவருக்கு டைப் 2 இருப்பதே அவரை வருஷாவருஷம் பரிசோதிக்கப் போதுமான காரணம், அதைச் சொல்ல எந்த ஆர்என்ஏவும் வேண்டாம்.

பீட்டா செல் எவ்வளவு சுரக்கிறது என்று நிஜமாகவே தெரிய வேண்டுமென்றால் சி-பெப்டைடு இருக்கிறது. இன்சுலின் முதலில் 86 அமினோ அமிலம் நீளமுள்ள புரோஇன்சுலினாக இருந்து, நடுத்துண்டு வெட்டுப்பட்டுத்தான் 51 அமினோ அமில இன்சுலின் ஆகிறது. வெட்டிய அந்த நடுத்துண்டு, ஓரங்களில் கொஞ்சம் செதுக்கப்பட்டு, சி-பெப்டைடாக இன்சுலினோடு சரிசமமாக வெளியே வரும். வெளியிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவரிடம்கூட அவர் சொந்தக் கணையம் எவ்வளவு செய்கிறது என்று இதை வைத்துச் சொல்லலாம். புதுசு ஒன்றும் இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

அப்புறம், கேள்வி கேட்ட நண்பரே, படிப்பது நல்லது, படித்துவிட்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாதம் ஒருவராவது அப்படி வருகிறார்.

—

அரைகுறை வாசகன் எழுதியது:

மாத்திரையை நிறுத்தவில்லை டாக்டர், பயப்பட வேண்டாம். தம்பியிடம் ஹெச்பிஏ1சி போதும் என்று சொல்லிவிட்டேன், நிம்மதியாகிவிட்டான்.

தீவுபொறுக்கி சொன்னதை எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொள்கிறேன்: 2004 கேள்வி "ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால் என்ன", 2009 கேள்வி "அந்த வரி இல்லாமலே முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தால் என்ன". இப்படிப் பார்த்தால் முரண்பாடு இல்லை. சரிதானே?

அப்படியென்றால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. என்னுடையது வளர்ந்த கணையம். இனிமேல் அது கருவில் உருவாகப் போவதில்லை. அப்போது எனக்கு மிர்-375-ஐக் கொஞ்சமாக அடக்கினால் சுரப்பு கூடுமே? லெட்-7, மிர்-103 எல்லாம் அடக்கினால் எலிக்கு நல்லது என்கிறீர்கள். ஏன் இன்னும் ஊசி வரவில்லை?

—

தீவுபொறுக்கி எழுதியது:

ஒப்புமை பரவாயில்லை, ஆனால் ஓர் இடத்தில் உதைக்கும். உங்கள் கணையம் "இன்ஸ்டால்" முடிந்து சும்மா ஓடிக்கொண்டிருக்கவில்லை. உடம்பு இன்சுலினுக்கு மசியாதபோது பீட்டா செல்கள் தாங்களே ஈடுகட்டப் பார்க்கின்றன, ஓபி/ஓபி எலியில் மிர்-375 தேவைப்பட்டது அந்த நேரத்தில்தான். அதாவது உங்கள் மாதிரி நிலையில் இருக்கும் எலிக்குத்தான் அது போனபோது அடி பலமாக விழுந்தது. மனிதனின் வளர்ந்த பீட்டா செல் எலியினுடையதைப் போலப் பெருகுவதில்லை, எனவே கணக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் "கொஞ்சமாக அடக்கினால் சுரப்பு கூடும்" என்று நான் யாருக்கும் ஊசி போட மாட்டேன்.

ஊசி ஏன் வரவில்லை என்பதற்கு முதல் காரணம் அறிவியலைவிடத் தபால் பிரச்சினை. ஆர்என்ஏ மருந்தைக் கல்லீரலுக்கு அனுப்ப வழி தெரியும். கால்நாக் என்ற சர்க்கரை மூலக்கூறை முகவரி ஒட்டுவது போல ஒட்டிவிட்டால் கல்லீரல் செல்லின் ஓர் ஏற்பி அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரான் அப்படி வேலை செய்யும் எஸ்ஐஆர்என்ஏ மருந்து, தொடக்கத்தில் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அது மைக்ரோ ஆர்என்ஏ இல்லை, கவனியுங்கள். எஸ்ஐஆர்என்ஏ முழு நீளத்துக்கும் ஒரே ஒரு எம்ஆர்என்ஏவோடு பொருந்தும்படி செய்தது, குறி தவறுவது குறைவு. ஆனால் பீட்டா செல்? கணையத்தில் ஒன்றிரண்டு சதவீதம் திசுதான் தீவு, சிதறிக் கிடக்கிறது. குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி பீட்டா செல்லில் நிறைய இருப்பதால், ஜிஎல்பி-1 போன்ற ஒரு துண்டை முகவரியாக ஒட்டி அனுப்பலாம் என்று 2018-இல் எலியில் காட்டினார்கள். எனக்கு இருக்கும் ஆசை அதன் மேல்தான்.

இரண்டாவது காரணம் மேலே சொன்ன நூற்றுக்கணக்கான இலக்குகள். லெட்-7-ஐ அடக்கினால் இன்சுலின் ஏற்பி கூடும், சந்தோஷம். ஆனால் லெட்-7 புற்றுநோயைத் தூண்டும் சில மரபணுக்களையும் அடக்கி வைத்திருக்கிறது. உடம்பு முழுக்க வருஷக்கணக்கில் அதை அடக்க யாருக்குத் தைரியம் வரும்? சர்க்கரை நோய்க்குப் பாதுகாப்பான மாத்திரைகள் கையில் இருக்கும்போது புது மருந்து ரொம்பச் சாதுவாக இருந்தாக வேண்டும். புற்றுநோய்க்காக மிர்-34-இன் நகலை மனிதருக்குக் கொடுத்த சோதனையே எதிர்ப்புச் சக்தி சார்ந்த கடும் பக்கவிளைவால் 2016-இல் நின்றுபோனது.

—

பச்சை இலை எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. செடிகொடிகளிலும் மைக்ரோ ஆர்என்ஏ இருக்கிறதாமே, சாப்பிட்டால் ரத்தத்தில் கலந்து நம் மரபணுவையே மாற்றுமாம். அப்படியென்றால் மருந்துக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? காப்ஸ்யூலே விற்கிறார்கள்.

—

சந்தேகப் பிராணி எழுதியது:

செடிகளில் இருப்பது உண்மை. சாப்பிட்ட தாவர மைக்ரோ ஆர்என்ஏ ரத்தத்தில் தெரிகிறது, கல்லீரலில் வேலையும் செய்கிறது என்று 2012-இல் ஒரு கட்டுரை வந்து பெரிய சத்தம். அடுத்த வருஷமே வேறு குழுக்கள் செய்து பார்த்தார்கள், வேலை செய்யும் அளவுக்கு எதுவும் ரத்தத்துக்கு வந்து சேரவில்லை. வயிற்று அமிலம், குடல் நொதி, அப்புறம் ரத்தத்தில் உள்ள நொதி, இத்தனையையும் தாண்டி ஒரு செல்லுக்குள் போய் வேலை செய்ய ஆயிரக்கணக்கில் பிரதிகள் தேவை. மேலே ஊசியாகப் போட்டே பீட்டா செல்லைச் சென்றடைய முடியவில்லை என்று ஒருவர் புலம்பிக்கொண்டிருக்கிறார், காப்ஸ்யூல் நேராகப் போய்விடுமாம்! காசைப் பத்திரமாக வையுங்கள்.

—

இரண்டாம் வருட ஆராய்ச்சி எழுதியது:

ஒன்று சேர்க்க மறந்தேன். 22 எழுத்துத் துண்டு மட்டுமே சின்ன ஆர்என்ஏ இல்லை. புரதம் கட்ட அமினோ அமிலம் சுமந்து வரும் டிஆர்என்ஏ உடைந்து வரும், 30 எழுத்துக்குக் கொஞ்சம் மேல் நீளமுள்ள துண்டுகள் விந்தணுவில் நிறைய உண்டு. 2016-இல், கொழுப்புத் தீனி தின்ற ஆண் எலியின் விந்திலிருந்து அந்தத் துண்டுகளை மட்டும் எடுத்து, சாதாரணமாகக் கருவுற்ற முட்டைக்குள் செலுத்தினார்கள். பிறந்த குட்டி வளர்ந்தபோது குளுக்கோஸைச் சமாளிக்கத் திணறியது. அப்பாவின் டிஎன்ஏ எதுவும் அதில் சேரவில்லை.

—

அரைகுறை வாசகன் எழுதியது:

இப்போதுதான் கடைசிப் பதிலைப் பார்த்தேன். எனக்கு இரண்டு பையன்கள். அது எலியில்தானே?

—

இரண்டாம் வருட ஆராய்ச்சி எழுதியது:

எலியில்தான் சார். பயமுறுத்த எழுதவில்லை, மன்னிக்கவும். பையன்களுக்கும், உங்கள் தம்பிக்கு டாக்டர் சொன்ன அதே அறிவுரைதான். எந்த வயதில் தொடங்குவது என்பதை அவரிடமே கேளுங்கள்.

—

வெள்ளைக்கோட்டு எழுதியது:

பத்து வயது தாண்டி, உடல் எடையும் அதிகமாக இருந்தால் அப்போதே ஒரு தடவை பார்த்துவிடலாம், அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. ஒல்லியாக ஓடி ஆடிக்கொண்டிருந்தால் இப்போதைக்கு விடுங்கள்.